எனக்குப் பதிலாக

ஊர்காவற்றுறை,
03.09.2025

அம்மா,

இனிமேல் சனிக்கிழமைகளில் விடுதிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். கோபிக்காமல் இதை முழுக்க வாசியுங்கள்.

இங்கே தொலைபேசி இராசமணி அன்ரியின் மேசையில் இருக்கிறது. விடுதிக்குப் பொறுப்பு அவர்தான். அழைப்பு வந்தால் சாப்பாட்டு அறை வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். நாற்பத்திரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழும்பி, எல்லோரும் இருக்கிற வாங்குகளுக்கு நடுவால் நடந்து அந்த அறைக்குப் போகவேண்டும். அங்கே இன்னும் நாலு பேர் தங்கள் முறைக்காகச் சுவரோடு நிற்பார்கள். போன சனிக்கிழமை நான் காதில் வைத்தேன். எனக்குக் குரல் வரவில்லை. நீங்கள் அந்தப் பக்கத்தில், "ஹலோ, நிட்டா, கேக்குதோ? இவளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்று கத்தினீர்கள். சுவரோடு நின்ற நாலு பேருக்கும் அது கேட்டது. அவர்கள் சிரித்தார்கள். நான் வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். லைன் அறவில்லை.

கடிதம் எழுதுங்கள். தபாலில் போடுங்கள், பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட வேண்டாம். அவர் விடுதி வாசலில் நின்று, "நெடுந்தீவுப் பிள்ளை ஆர்?" என்று கேட்கிறார்.

படிப்பு நன்றாகப் போகிறது. சாப்பாடும் பரவாயில்லை. அப்பாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்ரனிட்டா


நெடுந்தீவு,
08.09.2025

மகள் நிட்டாவுக்கு,

சுகம் விசாரிக்கிற வரிகளை எழுதக் கை வரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெற்ற தாய் பிள்ளையோடு கதைக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை எழுதியதை இந்தத் தீவிலே நான்தான் முதலில் வாசித்திருப்பேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டு, "அப்ப எடுக்காத" என்றார். அவ்வளவுதான் அவர் கதை. உனக்கு வாய்த்தது அவருடைய வாய்தான்.

இறங்குதுறையில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறவள் மெல்லக் கதைத்தால் ஒரு பிளேன்ரீ கூட விற்காது. படகு இயந்திரத்துக்கு மேலால் என் குரல் போகவேண்டும். அப்படிக் கத்தித்தான் உன்னைப் பதினோராம் ஆண்டு வரை படிப்பித்தேன். உயிரியல் படிக்க வேண்டும் என்று நீதானே கேட்டாய். இங்கே படிக்க ஏலாது, ஊர்காவற்றுறைக்குப் போகிறேன் என்று நீதானே நின்றாய். நாளைக்கு டொக்குத்தராய் வந்தால் நோயாளியோடும் கடிதத்திலா கதைப்பாய்?

இன்னொன்று. பக்கத்து வீட்டுச் சூசையம்மாவின் மகளும் அங்கேதானே படிக்கிறாள். நீ சாப்பாட்டு அறைக்கே வருவதில்லை என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். பாண் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு குளிக்கிற இடத்தின் பின்பக்கம் போகிறாயாம். இது உண்மையா? சாப்பாடு பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய். சாப்பிடாத சாப்பாடு எப்படிப் பரவாயில்லை ஆகும்?

இதெல்லாம் கூச்சம். கூச்சத்தைக் கூட்டத்தில்தான் கழற்ற வேண்டும். அடுத்த மாதம் வீட்டுக்கு வரும்போது ஞாயிறு பூசையில் நீதான் வேதப்புத்தக வாசகம் வாசிக்கப் போகிறாய். பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு நல்ல சந்தோசம். ஒருக்கால் ஏறி நின்று வாசித்துப் பார், எல்லாம் பறந்துபோய்விடும்.

அம்மா


ஊர்காவற்றுறை,
14.09.2025

அம்மா,

நான் வாசகம் வாசிக்க மாட்டேன். சுவாமியிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் வீட்டுக்கு வரமாட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பென்சிலால் எழுதுகிறேன். பேனை முடிந்து ஆறு நாளாகிறது. கடை விடுதி வாசலுக்கு எதிரே இருக்கிறது. "ஒரு நீலப் பேனை தாங்கோ" என்று கேட்கவேண்டும். மூன்று நாள் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். நாலாம் நாள் ஒருவரும் இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை?" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். இதை உங்களுக்கு எழுத எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது தெரியுமா? பதினேழு வயதில் ஒரு பேனை வாங்கத் தெரியாதவள்.

இது நீங்கள் சொல்கிற கூச்சம் இல்லை. ஒரு வசனத்தைச் சொல்வதற்கு முதல் அதை மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்ப்பேன். பத்தாம் தரம் முடியும்போது மற்றவர்களின் கதை வேறு இடத்துக்குப் போயிருக்கும். சொல்லிவிட்டாலோ, அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் குரல் அப்படி வந்தது, அவள் ஏன் புருவத்தைத் தூக்கினாள் என்று.

இரண்டு கிழமைக்கு முன் இரசாயனவியல் பாடத்தில் கோபிசங்கர் சேர் என்னைக் கூப்பிட்டார். கணக்கைக் கரும்பலகையில் செய்து விளக்கச் சொன்னார். எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். வெண்கட்டியைப் பிடித்தேன். கோடு புழுப்போல நெளிந்து வந்தது. கழுத்தெல்லாம் சிவந்து தடித்தது. பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். ஒரு சின்னச் சிரிப்புத்தான். நான் வெண்கட்டியை வைத்துவிட்டு வெளியே போனேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்துக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லி ஓய்வறையில் படுத்திருக்கிறேன். பாணைப் பற்றிச் சூசையம்மா மாமியின் மகள் சொன்னதும் உண்மைதான்.

உண்மையைக் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இனி நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒன்றும் செய்யாதீர்கள். இங்கே வரவேண்டாம். சேருடன் கதைக்கவேண்டாம். ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

நிட்டா


ஊர்காவற்றுறை,
20.09.2025

அம்மா,

வரவேண்டாம் என்று எழுதினேன். வியாழக்கிழமை வந்து நின்றீர்கள்.

நடந்ததை உங்களுக்கே எழுதப் போகிறேன். நீங்கள் அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அப்பாவிடமும் வேறு மாதிரித்தான் சொல்லியிருப்பீர்கள்.

அன்றைக்கு நான் இரண்டரைக் கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக இரசாயனவியல் பாடத்துக்குப் போயிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். கடைசி மேசை. சேர் என்னைக் கண்டும் காணாதமாதிரி விட்டார். அரைமணித்தியாலம் இருந்துவிட்டேன். இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் பாடம் முடிந்திருக்கும்.

அப்போது வாசலில் உங்கள் குரல். கையில் ஒரு பை நிறைய வடை. "சேர், என்ர பிள்ளை ஊமையில்ல. வீட்டில என்னோட வாய்க்கு வாய் கதைக்கிறவள். இஞ்ச ஆரோ பிள்ளையைப் பாத்துச் சிரிச்சவையாம். ஆர் சிரிச்சது? எழும்புங்கோ பாப்பம்." ஒருவரும் எழும்பவில்லை. சேர், "அம்மா, வெளியில நிண்டு கதைப்பமே" என்று இரண்டு தரம் சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. என் மேசைக்கு வந்து தோளில் தட்டினீர்கள். "எழும்பு நிட்டா. அந்தக் கணக்கை இப்ப செய்து காட்டு. பயப்பிடாத, அம்மா நிக்கிறன்."

எழும்பினேன். எழும்பியதுதான் தெரியும். மூச்சு உள்ளே போகவில்லை. மேசைக்குக் கீழே நிலத்தில் குந்தி இருந்துவிட்டேன். முப்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள், "தண்ணி கொண்டு வாங்கோ, தண்ணி!" என்று முழுப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கக் கத்தினீர்கள். பிறகு எல்லோருக்கும் வடை கொடுத்தீர்கள்.

இப்போது ஒருத்தியும் சிரிப்பதில்லை. எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். நான் வந்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். கட்டிலில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பன்னிரண்டு நீலப் பேனைகளும் இருக்கின்றன. என் கடிதத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வாசித்தும் வந்திருக்கிறீர்கள்.

இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.


நெடுந்தீவு,
24.09.2025

நிட்டா,

நான் என்ன கொலையா செய்தேன்? விடிய முதல் படகு. அக்கரையில், குறிகட்டுவானில் பஸ் போய்விட்டது. மடத்துவெளி வரைக்கும் ஓட்டோ, பிறகு இரண்டு பஸ். வடைக்குப் பருப்பை முதல்நாளே ஊறப்போட்டேன். பிள்ளை தனிய நிற்கிறாளே என்று ஓடி வந்தவளுக்கு நீ எழுதியிருக்கிற கடிதம் இது.

அப்பாவுக்கு வாசித்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றார். இருபது வருசத்தில் என்னை அவர் அப்படிச் சொன்னது கிடையாது. அதற்குப் பிறகு இரண்டு நாளாய் நாங்களும் கதைக்கவில்லை.

எழுதவேண்டாம் என்றால் எழுதவில்லை. சந்தோசமாய் இரு.

மாக்கிறேற்


நெடுந்தீவு,
03.10.2025

என்ர பிள்ளைக்கு,

எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். இராசமணி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். நாலு நாளாய் நீ பள்ளிக்கூடம் போகவில்லையாம். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாயாம். கேட்டால் பதில் இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை உடுத்தி, கடையைப் பூட்டி, துறைக்குப் போய் வரிசையில் நின்றேன். படகு கட்டியிருந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன். "வரவேண்டாம் என்று எழுதினேன், வந்து நின்றீர்கள்" என்று நீ எழுதியது கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்னால் நின்றவர்கள், "ஏறுங்கோ அக்கா, ஏறுங்கோ" என்கிறார்கள். நான் விலகி வழிவிட்டேன். படகு போய்விட்டது. நான் துறையில் நின்று அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வராமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒன்று என்றால் ஓடிப்போய்ச் சத்தம் போடத்தான் எனக்குத் தெரியும். கடலில் அப்பா பிந்தினாலும் சத்தம், கடையில் சீனி முடிந்தாலும் சத்தம். சத்தம் போடாமல் ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சூசையம்மா செபக்கூட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள். தலையில் கைவைத்து மன்றாடுவார்களாம். ஆயிரம் பேர் வருவார்களாம். ஆயிரம் பேர் என்றதும் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன செய்யவேண்டும் என்று நீயே எழுது. பென்சிலால் என்றாலும் எழுது.

அம்மா


ஊர்காவற்றுறை,
08.10.2025

அம்மா,

நீங்கள் படகில் ஏறாமல் நின்றதை வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது இங்கே வந்து தொடங்கியது இல்லை. எட்டாம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அப்போதே கடையில் நிற்கச் சொன்னால் எனக்கு வயிற்றுவலி வரும், நினைவிருக்கிறதா? கள்ளவலி என்று ஏசினீர்கள். வலி உண்மை. இங்கே வந்தால் என்னை ஒருவருக்கும் தெரியாது, புதிதாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். உயிரியல் எல்லாம் பிறகு வந்த காரணம். வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, நான் தப்பி வந்தது என்னோடேயே பெட்டியில் வந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுதவேண்டும். பயப்படவேண்டாம், ஆனால் மறைக்கவும் மாட்டேன். படுத்திருந்த நாட்களில், இப்படியே எழும்பாமல் போனால் எல்லோருக்கும் கரைச்சல் இல்லை என்று நினைத்தேன். ஒரு தரம் இல்லை, பல தரம். ஆறாம் நாள் அந்த நினைப்புக்கே எனக்குப் பயம் வந்தது. வாயால் சொல்ல முடியவில்லை. ஒரு கடதாசியில் எழுதி இராசமணி அன்ரியின் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

அவர் வந்து கட்டிலில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "வாசிச்சனான். எழுதினது நல்லது. இனி நீர் தனிய இல்லை" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருடைய அறையில்தான் படுக்கிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறதாம். ஒரு பெண் வைத்தியர் வருகிறாராம். நான் பதினெட்டு வயதுக்குக் குறைவு என்பதால் தாய் அல்லது தகப்பன் வரவேண்டுமாம்.

21ஆம் திகதிக்கு வாருங்கள். இந்த முறை நான்தான் கூப்பிடுகிறேன். ஆனால் வைத்தியர் என்னிடம் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லக்கூடாது. ஒரு சொல்கூட. நான் எவ்வளவு நேரம் எடுத்தாலும். அது உங்களால் முடியாது என்றால் அப்பாவை அனுப்புங்கள்.

நிட்டா


நெடுந்தீவு,
13.10.2025

நிட்டா,

கடிதம் வந்த அன்றைக்குக் கடை திறக்கவில்லை. அப்பாவும் கடலுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் குசினி வாசலில் இருந்தோம். அவர் உன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இன்னும் தரவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அந்தக் கிளினிக்குக்கு வர விருப்பமில்லை. அதை இங்கே எல்லோரும் விசர்க் கிளினிக் என்றுதான் சொல்வார்கள். எங்களுடைய படகில் ஒருவர் இருமினால் மற்றக் கரைக்கு வரும் முன்னே அவருக்குக் காசம் என்று கதை முடிந்துவிடும். பதினேழு வயதுப் பெண்பிள்ளை. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசினால் முதலில் இதைத்தான் கிண்டுவார்கள். நீ என்னை ஏசுவாய், ஏசு. எனக்கு வருகிற நினைப்பை நான் எழுதத்தானே வேண்டும்.

"அப்ப நான் போறன்" என்றார் அப்பா. அவரை விட்டால் அங்கே இரண்டு ஊமைகள் இருக்கும், வைத்தியர் பாவம். நான்தான் வருகிறேன். பல்லுப் புடுங்கப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டேன்.

வாயைத் திறக்கமாட்டேன். மாதாமேல் சத்தியம்.

நல்லாய்ச் சாப்பிடு. எங்கே நின்று சாப்பிட்டாலும் பரவாயில்லை.

அம்மா


ஊர்காவற்றுறை,
23.10.2025

அம்மா,

நீங்கள் சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள். வைத்தியர், "உம்மட பேர் என்ன?" என்று கேட்டபோது உங்கள் வாய் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டு, மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தீர்கள். விரல்கள் வெளிறிப்போயின. வைத்தியரும் காத்திருந்தார். வெளியே ஒரு குழந்தை அழுது, அழுகை நின்று, திரும்பவும் அழத் தொடங்கியது. அவ்வளவு நேரம். "அன்ரனிட்டா" என்றேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது. ஆனால் எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னதை நான் மறக்காமல் இருக்க எழுதி வைத்திருக்கிறேன். "இது உம்மட பிழையில்லை. அம்மாவின்ர வளர்ப்புப் பிழையுமில்லை. சமூகப் பதற்றம் எண்டு இதுக்கொரு பேர் இருக்கு. உம்மட வயசில கன பிள்ளையளுக்கு வாறது. அதோட சேர்ந்து மனச்சோர்வும் வந்திருக்கு. மாத்தலாம். ஆனா நாளைக்கே மாறாது, ரெண்டு பேரும் அவசரப்படாதேங்கோ." அப்போது நீங்கள் அழுதீர்கள், சத்தமில்லாமல். நீங்கள் அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அங்கேயே முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை நன்றியோடு முடித்திருப்பேன்.

பஸ் நிலையத்தில் எங்கள் ஊர் அம்பலவாணர் மாமா நின்றார். வேறு நாள் என்றால் நீங்கள் முந்திக்கொண்டு, "அண்ணை!" என்று றோட்டுக்கே கேட்கக் கூப்பிட்டிருப்பீர்கள். அன்றைக்கு என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தீர்கள். அவர் கண்டுவிட்டார். "என்ன மாக்கிறேற், தாயும் மகளும் எங்க போட்டு வாறியள்?" நீங்கள் கிளினிக் அட்டையைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டு, "பல்லுக்கு அண்ணை" என்றீர்கள். அவருக்கே விளங்கவில்லை, "என்ன?" என்று கேட்டார். உங்கள் குரல் அவ்வளவு சிறிதாகப் போனதை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

இத்தனை வருடமாக இறங்குதுறைக்கே கேட்ட குரல் எங்கே போனது அம்மா? பயப்படாதே, வெட்கப்படாதே, ஏறி நின்று வாசி என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். ஒரு மனிதர் ஒரு கேள்வி கேட்டதும் தூணுக்குப் பின்னால் ஒளித்தீர்கள். ஒளித்ததுகூடப் பரவாயில்லை, எனக்கும் ஒளிக்கத் தெரியும். நீங்கள் ஒளித்தது என்னை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் நோய்க்குப் பெயர் கிடைத்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அதற்குள் நீங்கள் அதற்குப் பல்லு என்று வேறு பெயர் வைத்துவிட்டீர்கள்.

நிட்டா


நெடுந்தீவு,
29.10.2025

நிட்டா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். வாசிக்கும்போது கன்னத்துக்குள் பஞ்சு இருந்தது. பல்லுப் புடுங்கினவள் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, நாலு நாளாய்ப் பஞ்சை வைத்துக்கொண்டு கஞ்சி குடித்தேன். அப்பா பார்த்துவிட்டு எழும்பிப் போனார்.

ஓம், ஒளித்தேன். உன்னைத்தான் ஒளித்தேன்.

பிறகு நடந்ததைக் கேள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நிற்கிறேன். சூசையம்மா வந்து கையைப் பிடித்தாள். "உங்களை அந்தக் கிளினிக் வாசலில ஆக்கள் கண்டவையாம். பிள்ளைக்கு என்ன மாக்கிறேற்? தலைக்கு ஏதுமோ?" சுற்றிவர ஏழெட்டுப் பேர். எனக்குப் பல்லு என்று வாயில் வந்தது. உன் கடிதம் மனதில் நின்றது. பிள்ளைக்குத்தான் என்று சொல்லவும் வரவில்லை, அது நீ சொல்லவேண்டியது, ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தாய். பிறகு சொன்னேன்: "பிள்ளைக்கு இல்லை. எனக்கு. எனக்குத்தான் மருந்தெடுக்கப் போனனான். பிள்ளை துணைக்கு வந்தவள்."

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

அன்று பின்னேரமே தீவு முழுக்கப் பரவிவிட்டது. மாக்கிறேற்றுக்கு விசர். இப்போது தேத்தண்ணிக்கு வருகிறவர்கள் தூர நின்று காசை மேசையில் வைக்கிறார்கள். நான் கொஞ்சம் சத்தமாய்க் கதைத்தால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். முன்னும் இதே சத்தம்தானே? அப்போது அது மாக்கிறேற்றின் குரல், இப்போது அது நோய் வருத்தம். நேற்று மாவுக்காக அக்கரைக்குப் போகப் படகில் ஏறினேன். நான் இருந்த பலகையில் இருந்த இரண்டு பெண்கள் எழும்பி மற்றப் பக்கம் போனார்கள். வெயிலுக்காகப் போனார்களோ என்னவோ. ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறிகட்டுவான் வரைக்கும் நான் தலையைத் திருப்பவில்லை. முதுகு முழுக்கக் கண். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இறங்கும்போது படகோட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன், வழமையாய்ச் சொல்வதுதான், "போட்டு வாறன் தம்பி" என்று. அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், நிட்டா. சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே இறங்கினேன்.

இதுதானா? இதையா எட்டாம் ஆண்டிலிருந்து வைத்துக்கொண்டு திரிந்தாய்? நான் அதற்குக் கள்ளவலி என்று ஏசினேன்.

மரித்தோர் திருநாளுக்கு வா. சுவாமியிடம் வாசகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா


ஊர்காவற்றுறை,
04.11.2025

அம்மா,

இரண்டு நாள் வீட்டில் நின்றும் இதைப்பற்றி நாங்கள் கதைக்கவில்லை. சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம், மீன்குழம்பு சாப்பிட்டோம், நீங்கள் என்னைப் பார்த்தபடி இருந்தீர்கள், நான் பார்க்காதபடி இருந்தேன். எழுதினால்தான் எனக்கு வருகிறது.

உங்கள் கடிதத்தை வாசித்து நான் அழுதேன். அது ஒரு நாள். மற்ற நாள் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. தொலைபேசியில் எனக்குப் பதிலாக நீங்கள் கதைத்தீர்கள். வகுப்பில் எனக்குப் பதிலாகக் கதைத்தீர்கள். இப்போது எனக்குப் பதிலாக நோயாளியாகவும் ஆகிவிட்டீர்கள். என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் படகில் தனியாக இருந்திருக்கிறீர்கள்.

நேற்றுக் காலை நீங்கள் துறையில் கையசைத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வேறு ஆட்கள் வந்து சொல்லும் முன் நானே சொல்லவேண்டும்.

படகில் சூசையம்மா மாமி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பாதிக் கடலில் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "அம்மாக்கு இப்ப எப்பிடிப் பிள்ளை? மருந்து குடிக்கிறாவோ? வீட்டில சாமான் கீமான் எறியிறாவோ?" என்று கேட்டார். அவருடைய முகத்தில் உண்மையான கவலையும் இருந்தது, அறிகிற ஆசையும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கடலைப் பார்த்திருக்கலாம். அதைத்தான் நான் எப்போதும் செய்கிறேன். வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். நாலாம் தரத்தில் நிறுத்தினேன். பத்துக்குப் போனால் கரை வந்துவிடும் என்று தெரியும்.

"அம்மாக்கு இல்லை. எனக்கு" என்றேன்.

இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன பிள்ளை?" என்றார். அதுதான் அம்மா, அந்த "என்ன பிள்ளை?" தான் எனக்கு எப்போதும் நடக்கும். ஒரு தரம் சொல்வதற்கே உயிர் போகும், அதைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது. அவர்மேலா, உங்கள்மேலா, இயந்திரத்தின்மேலா தெரியாது. கத்தினேன். "அம்மாக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் வருத்தம். நான்தான் மருந்தெடுக்கிறன்."

முழுப் படகும் திரும்பிப் பார்த்தது. இறங்குதுறைக்குக் கேட்கிற குரல் என்னிடமும் இருந்திருக்கிறது.

அது நன்றாக இருக்கவில்லை. கதைகளில் வருகிறமாதிரி நெஞ்சு லேசாகவில்லை. கழுத்துச் சிவந்தது, கரை வந்து பஸ்ஸில் ஏறிச் சரவணை தாண்டும் வரைக்கும் தணியவில்லை. மாமி என் கையைப் பிடிக்க வந்தார், நான் இழுத்துக்கொண்டேன். இன்று முழுவதும் அந்த வசனத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் மெல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டிருக்கலாம். ஊரில் இப்போது என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது. எழுதவேண்டாம், நான் கேட்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பலகையில் உங்களுக்குப் பக்கத்தில் இனி ஆட்கள் இருக்கவேண்டும்.

இரசாயனவியலுக்கு இன்று போனேன். இருபது நிமிடம் இருந்துவிட்டு வந்தேன். வைத்தியர் முதலில் பதினைந்து நிமிடம் இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்.

அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. முதல் படகில் வாருங்கள். பெயரைக் கேட்டால் நானே சொல்கிறேன். உடனே வராவிட்டால் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

அன்ரனிட்டா